தணிந்த காலையும் எட்டாத எச்சரிக்கையும்
1888 ஜனவரிப் பனிப்புயல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் வட சமவெளிகளில் 1888ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி, வியாழக்கிழமை, வழக்கத்துக்கு மாறாக இதமாக விடிந்தது. அம்மாதம் 5ஆம், 6ஆந் திகதிகளில் அப்பிரதேசத்திற் தூள் போன்ற நுண்பனி பெருமளவிற் பொழிந்திருந்தது. அதனைத் தொடர்ந்து 7 முதல் 11 வரை கடுங்குளிர் நிலவிற்று. பல நாள்களாக வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மக்களுக்குப் 12ஆந் திகதிக் காலை ஒரு விடுதலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆடவர் வைக்கோற் போர்களிலிருந்து தீவனம் ஏற்றிவரப் புறப்பட்டனர். கால்நடைகள் வெளியே ஓட்டிச் செல்லப்பட்டன. குளிருக்கு அஞ்சி மறிக்கப்பட்டிருந்த பிள்ளைகள் மீண்டும் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பலர் தடித்த மேலங்கியையும் கையுறையையும் வீட்டில் விட்டுச் சென்றனர்.

அன்று அதிகாலை மொன்ரானாவைத் தாக்கிய புயல், முற்பகலுக்கும் பிற்பகலின் தொடக்கத்துக்குமிடையில் டகோற்றாப் பிரதேசத்தைக் கடந்து, பிற்பகல் 3 மணியளவில் நெப்ராஸ்காவின் தலைநகரான லிங்கனை அடைந்தது. உறைநிலைக்குச் சற்று மேலிருந்த வெப்பநிலை சில மணி நேரத்துள் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை பரனைற் வரையிலும், சில இடங்களில் 40 பாகை வரையிலும் வீழ்ந்தது. இறந்தோர் 235 பேர் என்பது பொதுவாக எடுத்தாளப்படும் மதிப்பீடாகும். பாடசாலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் இறந்த சிறுவர் பலராதலின் "பள்ளிப் பிள்ளைகளின் பனிப்புயல்" என்றே இது பெயர் பெற்றது.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் இயற்கையின் திடீர்ச் சீற்றமாகவே எடுத்துரைக்கப்பட்டு வந்துள்ளது. முன்னறிவிப்பின்றி வந்த புயல், எதிர்பாராத மரணம், ஆசிரியைகளின் வீரம் என்ற வரிசையிலேயே கதை நகரும். ஆயின் அன்றைய ஐக்கிய அமெரிக்கா வானிலை எதிர்வுகூறல் அறியாத நாடன்று. பதினேழு ஆண்டுகளாக அரச சேவையொன்று நாடோறும் எதிர்வுகூறி வந்தது. அதுமட்டுமன்றி, இச்சமவெளிகளுக்கென்றே தனியான எதிர்வுகூறல் அலுவலகமொன்று மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் திறக்கப்பட்டிருந்தது. குளிர் வருமென்பதை அவ்வலுவலகம் அறிந்துமிருந்தது. அவ்வாறாயின் "முன்னறிவிப்பின்றி" என்ற சொல்லின் பொருள் யாது? அறிவிப்பு இருக்கவில்லையா, அன்றேல் இருந்த அறிவிப்பு உரியவரைச் சேரவில்லையா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அச்சமவெளியில் வாழ்ந்தோர் யாவர், எதிர்வுகூறல் சேவை யாருக்காக அமைக்கப்பட்டது என்பனவற்றை முதலில் நோக்குதல் வேண்டும்.

டகோற்றாவும் நெப்ராஸ்காவும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதி வரை லக்கோற்றா, பவுனி முதலிய பழங்குடி மக்களின் நிலங்களாயிருந்தன. 1862இல் நிறைவேற்றப்பட்ட குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கியிருந்து பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் அரசநிலத்தை ஏறத்தாழ இலவசமாக வழங்கிற்று. உள்நாட்டுப் போர் முடிந்தபின் புகையிரதப் பாதைகள் மேற்கு நோக்கி நீண்டன. அரசிடமிருந்து பெருநிலங்களை மானியமாகப் பெற்ற புகையிரதக் கம்பனிகள் அவற்றை விற்கவும், பாதையோரம் விளைபொருள் பெருகவும் குடியேற்றக்காரரைத் தேடின. ஐரோப்பாவிலே பல மொழிகளில் விளம்பரப் பிரசுரங்கள் பரப்பப்பட்டன. நெப்ராஸ்காவின் மக்கள்தொகை 1870இல் ஏறக்குறைய 1,23,000, 1880இல் 4,52,000. பத்தாண்டுகளில் மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட இப்பெருக்கம் நோர்வே, சுவீடன், ஜேர்மனி, ருசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஏழை உழவராலும், கிழக்கு மாநிலங்களில் நிலமற்றிருந்தோராலும் ஏற்பட்டதாகும்.

இவ்விடத்தில் வேறொரு வகையான எதிர்வுகூறலையும் குறிப்பிடுதல் பொருந்தும். அச்சமவெளியின் மேற்குப் பாகம் முன்னைய தேசப்படங்களில் "பேரமெரிக்கப் பாலைவனம்" எனக் குறிக்கப்பட்டிருந்தது. குடியேற்றம் பெருகிய காலத்தில் மழை ஓரளவு நன்றாகப் பெய்தது. இதனைக் கண்ட சிலர், நிலத்தை உழுதால் மண் ஈரத்தைத் தேக்கும், அவ்வீரம் மீண்டும் மழையாகும், எனவே ஏர் சென்றவிடமெல்லாம் மழை பின்தொடரும் என வாதிட்டனர். நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் கற்பித்த சாமுவேல் ஓகி என்பவர் இக்கருத்துக்கு விஞ்ஞான மதிப்பளித்தார்; 1881இல் நூலெழுதிய சார்ள்ஸ் டேனா வில்பர் அதனை மக்கள் நாவிற் பதியும் ஒரு சுலோகமாக்கினார். நிலம் விற்பவருக்கு இதனினும் இனிய விஞ்ஞானம் வேறு இருந்திருக்க முடியாது. சில நல்ல ஆண்டுகளைக் கண்டு காலநிலையே மாறிவிட்டதென நம்பிய மனப்பாங்குக்கும், ஓர் இதமான காலையைக் கண்டு மாரியின் கடுமை தீர்ந்ததென நம்பிய மனப்பாங்குக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. முன்னையதனைப் பேராசிரியர்கள் பரப்பினர். பின்னையதற்கு உழவர் மட்டும் பழி சுமந்தனர். 1890களில் வறட்சி வந்தபோது பல்லாயிரவர் அந்நிலங்களைக் கைவிட்டுத் திரும்பிச் சென்றனர் என்பது பின்னைய வரலாறு.

குடியேறியோரின் வாழ்நிலை புயலின் விளைவை நேரடியாக நிர்ணயித்தது. மரமற்ற சமவெளியாதலின் பலர் புல்வேரோடிய மண்ணைக் கட்டிகளாக வெட்டி அடுக்கி வீடமைத்தனர். விறகில்லை, நிலக்கரிக்குப் பணமில்லை, வைக்கோலையும் காய்ந்த புல்லையும் முறுக்கி எரித்தனர். 160 ஏக்கருக்கு ஒரு குடும்பம் என்ற சட்ட ஏற்பாடே வீடுகளை ஒன்றுக்கொன்று அரை மைல், ஒரு மைல் எனத் தள்ளி வைத்தது. ஐரோப்பியக் கிராமத்தில் நெருங்கிக் குடியிருந்து வயலுக்குச் சென்று வந்த உழவன், இங்கு தன் வயலின் நடுவே தனித்து வாழ்ந்தான். வழிகாட்ட வேலியோ மரமோ இல்லாத அவ்வெளியிற் பாடசாலையும் ஓரறைக் கட்டடமாகத் தனித்தே நின்றது. அதன் ஆசிரியர் பெரும்பாலும் இருபது வயதுக்கு உட்பட்ட இளம்பெண். பிள்ளைகள் ஒரு மைலும் அதற்கு மேலும் நடந்து வந்தனர். புயல் கொன்ற சிறுவரின் கதைகளை ஒருசேர நோக்குமிடத்து, அவர்களிற் பெரும்பாலோர் நன்கு பழகிய பாதையிலேயே வழி தவறினர் என்பது புலனாகும்.

இனி எதிர்வுகூறற் சேவையை நோக்குவோம். தந்தி வருமுன்னர் வானிலை எதிர்வுகூறல் விஞ்ஞானமாக வளர வாய்ப்பிருக்கவில்லை. புயல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும் என்பதை அறிந்திருந்தாலும், புயலை முந்திச் செல்லும் செய்தி வேண்டும். அதனைத் தந்தியே தந்தது. 1869இல் சின்சினாற்றி நகரில் கிளீவ்லாந்து அபே என்ற வானியலாளர் தந்திவழிப் பெற்ற அவதானங்களைக் கொண்டு வானிலை அறிக்கை வெளியிடத் தொடங்கினார். பேரேரிகளிற் கப்பல்கள் புயலில் மூழ்கி வந்ததைச் சுட்டி மில்வோக்கியைச் சேர்ந்த இன்கிறீஸ் லாபம் அரச சேவையொன்றை வற்புறுத்தினார். இதன் பயனாக 1870 பெப்ரவரி 9இல் ஜனாதிபதி கிறாண்ட் ஒப்பமிட்ட தீர்மானத்தின்படி, இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 1ஆந் திகதி 24 நிலையங்களில் ஒரே நேரத்தில் முதல் அவதானங்கள் எடுக்கப்பட்டன. குறித்த நிமிடத்தில் தவறாது கருவிகளைப் பார்த்து எழுத இராணுவ ஒழுங்கே ஏற்றதெனக் கருதப்பட்டது.

சேவையின் மொழி கவனிக்கத்தக்கது. முதலில் வெளியானவை "நிகழக்கூடியன" எனப்பட்டன. 1876இன் பின் "குறிகள்" எனப்பட்டன. 1889 வரை இப்பெயரே நிலவிற்று. எதிர்வுகூறல் என்ற சொல்லை இங்கிலாந்தில் அட்மிரல் பிற்ஸ்றோய் 1860களின் தொடக்கத்திலேயே வழக்குக்குக் கொண்டுவந்திருந்தும், அமெரிக்க அதிகாரிகள் அதனை உச்சரிக்கத் தயங்கினர். நாளை நடப்பதைக் கூறுவோர் சோதிடரோடு வைத்தெண்ணப்படுவர் என்ற அச்சம் அத்தயக்கத்தின் பின்னே இருந்தது.

1887இல் இச்சேவையின் தலைவராக அடொல்பஸ் கிறீலி நியமிக்கப்பட்டார். 1881 முதல் 1884 வரை வடமுனைப் பகுதிக்குச் சென்ற ஆய்வுக் குழுவின் தலைவராயிருந்தவர் அவர். அக்குழுவின் 25 பேரில் அறுவரே உயிருடன் மீண்டனர். குளிரையும் பட்டினியையும் தம்முடலில் அறிந்த ஒருவரின் நிருவாகத்திலேயே 1888 நிகழ்ந்தது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. வாஷிங்ரனிலிருந்து முழு நாட்டுக்கும் எதிர்வுகூறுவதிலும் பிரதேச அலுவலகமொன்று தன் பகுதிக்குக் கூறுவது பயன்தரும் என்ற எண்ணத்தோடு, 1887 ஒக்ரோபரில் மினசோற்றாவின் சென்ற் போல் நகரில் அலுவலகம் திறக்கப்பட்டது. அந்நகர வணிகர் இதனை ஆதரித்தனர். குளிரலை வருமென அறிந்தாற் புகையிரதத்தில் ஏற்றிய பழங்களும் காய்கறிகளும் உறையாமற் காக்கப்படலாம், மந்தைகள் ஒதுக்கப்படலாம், புகையிரதக் கம்பனி பனியகற்றும் இயந்திரங்களை ஆயத்தப்படுத்தலாம். இவை நியாயமான தேவைகளே. ஆயினும் இச்சேவையின் பயனாளராக முதலில் எண்ணப்பட்டவர் பொருள் அனுப்புவோரும் பெறுவோருமே. பாடசாலைக்கு நடந்து செல்லும் சிறுவன் அக்கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை.

சென்ற் போல் அலுவலகத்துக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டவர் லெப்டினன்ற் தோமஸ் வூட்றப். காலாட்படையில் எல்லைப்புறப் போர்களில் ஈடுபட்டிருந்த அவர் பின்னர் சமிக்ஞைப் பிரிவில் வானிலையியற் பயிற்சி பெற்றவர். நாளொன்றுக்கு மூன்று தடவைகள் நிலையங்களிலிருந்து வெப்பநிலை, வளியமுக்கம், காற்றின் திசை, வேகம் ஆகியன குறியீட்டுத் தந்திகளாக வந்துசேரும். அவற்றைப் படத்திற் குறித்துச் சமவமுக்கக் கோடுகளையும் சமவெப்பக் கோடுகளையும் வரைந்து, எதிர்வரும் இருபத்துநான்கு மணி நேரத்துக்கான குறிகளை எழுத வேண்டும். ஜனவரி 11ஆந் திகதி இரவு வந்த அவதானங்கள், மேற்கில் ஆழ்ந்த தாழமுக்கமொன்று தென்கிழக்காக நகர்ந்து வருவதையும், அதன் பின்னே வடக்கிலிருந்து கடுங்குளிர் இறங்குவதையும் காட்டின. நள்ளிரவை அண்டி அவர் அனுப்பிய குறிகளில் டகோற்றாவுக்குப் பனி, முதலில் வெப்பம், மேற்குப் பாகத்திற் பின்னர் குளிர், தென்காற்று வடக்குக்குத் திரும்புதல், பனி காற்றில் அள்ளுண்டு குவிதல் ஆகியன கூறப்பட்டிருந்தன.

இது தவறான எதிர்வுகூறலன்று. காற்றுத் திரும்பும் என்றது திரும்பிற்று. பனி குவியும் என்றது குவிந்தது. ஆனால் அதிலே அவசரம் இல்லை. கொடியேற்றும்படியான தனிக் குளிரலை எச்சரிக்கை அன்றிரவு கட்டளையிடப்படவில்லை. மறுநாள் முற்பகலிலேயே அது அனுப்பப்பட்டது. அதற்குள் டகோற்றாவிற் பல இடங்களைப் புயல் கடந்துவிட்டது. "முதலில் வெப்பம், பின்னர் குளிர்" என்ற அடக்கமான தொடருக்குள் 235 பேரின் மரணம் அடங்கியிருக்கக் கூடுமென அதனை வாசித்த எவரும் உணர்ந்திருக்க முடியாது.

வூட்றப்பை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது. வரலாற்று நோக்கில் அது போதாது. அவர் கையிலிருந்த விஞ்ஞானத்தின் எல்லையையும் கருத வேண்டும். அன்றைய வளிமண்டலவியல் தாழமுக்கத்தை ஏறத்தாழ வட்டவடிவமான ஒரு முழுமையாகவே கண்டது. வெப்பவளிக்கும் குளிர்வளிக்கும் இடையே கத்தி போன்று கூரிய எல்லையுண்டு, அவ்வெல்லை கடக்கும் நிமிடத்திலேயே காற்றும் வெப்பநிலையும் மாறும் என்ற கருத்தை, நோர்வேயின் பேர்கன் நகரில் யாக்கொப் பியேர்க்னெசும் அவர்தம் குழுவினரும் 1919இலேயே தெளிவுற வகுத்தனர். முதலாம் உலகப் போரின் போர்முனையை நினைவூட்டும் வகையில் அவ்வெல்லைக்கு "முகப்பு" என்ற பெயரும் பின்னரே வழங்கலாயிற்று. இக்கருத்தின் துணையுடன் 1888ஐத் திரும்பி நோக்கினால், அன்றைய காலையின் இதம் தெளிவாக விளங்கும். தாழமுக்கத்தின் கிழக்குப் புறத்தில் தென்காற்று வீசும். அது மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்து வெப்பத்தையும் ஈரத்தையும் வடக்கே இழுத்து வரும். தாழமுக்கம் ஆழமானதாயின் அவ்விழுப்பும் வலுவானதாகும். எனவே அன்று நிலவிய தணிவு, புயலுக்கு முன் கிடைத்த ஓர் இடைவேளையன்று. புயலின் முன்பகுதியே அது. காலை எவ்வளவுக்கு இதமாயிருந்ததோ அவ்வளவுக்கு அதன் பின்னே நின்ற குளிர்வளியோடு முரண்பாடு மிகுந்திருந்தது. மக்கள் நற்குறியெனக் கொண்டது உண்மையில் எச்சரிக்கையாகும். அதனைப் படிக்கும் அரிச்சுவடி இன்னும் எழுதப்படவில்லை. உழவருக்கு மட்டுமன்று, அதிகாரிக்கும் எழுதப்படவில்லை.

எனினும் அறிவின் குறைபாட்டைக் காட்டி எல்லாவற்றையும் முடித்துவிடவும் இயலாது. வூட்றப் நள்ளிரவிலேயே மிகக் கடுமையான சொற்களில் எச்சரித்திருந்தார் எனக் கொள்வோம். அவ்வெச்சரிக்கை சென்றிருக்கக் கூடிய வழி யாது? தந்தி அது புகையிரத நிலையமுள்ள நகரங்களுக்குச் செல்லும். அங்கு நடுவே கருஞ்சதுரம் பொறித்த வெண்கொடி ஏற்றப்படும். குளிரலையின் அடையாளம் அதுவே. நகரப் பத்திரிகை மறுநாட் காலையில் குறிகளை அச்சிடும். கொடியைக் காண நகரத்தில் இருக்க வேண்டும். பத்திரிகையைப் படிக்க அது வீட்டுக்கு வர வேண்டும். ஆங்கிலமும் அறிந்திருக்க வேண்டும். பத்து மைலுக்கப்பால் மண்வீட்டில் இருந்த நோர்வேக் குடும்பத்துக்கு இம்மூன்றும் வாய்க்கவில்லை. அவர்கள் வாசித்த ஒரே அறிக்கை, கதவைத் திறந்தபோது முகத்திற் பட்ட காற்றே. பிரதேசத்துக்கென அமைந்த எதிர்வுகூறல் அலுவலகம், பிரதேசத்தின் புகையிரதப் பாதைகளுக்கான அலுவலகமாகவே செயற்பட்டது எனக் கூறின் அது மிகையாகாது.

புயல் வந்த விதத்தைக் கண்டோர் பலர் விவரித்துள்ளனர். வடமேற்கில் ஒரு கரிய சுவர் எழுந்து உருண்டு வருவது போலிருந்தது என்பர். பனியின் ஆழம் கொன்றதன்று. மாப்போல் நுண்ணிய பனித்தூளைக் காற்று கிடையாக அடித்ததிற் கண்கள் ஒட்டின, மூச்சடைத்தது, நீட்டிய கை தெரியவில்லை. தன் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் இடையில் வழிதவறி இறந்தோர் உளர். நெப்ராஸ்காவின் பிளெயின்வியூ அருகே லோயிஸ் றோய்ஸ் என்ற ஆசிரியை மூன்று பிள்ளைகளோடு பாடசாலையிற் சிக்கினார். பிற்பகல் 3 மணியளவில் எரிபொருள் தீர்ந்தது. தாம் தங்கியிருந்த வீடு சில நூறு அடி தூரத்திலேயே இருந்தமையால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார். அவ்வீட்டை அவர்கள் அடையவில்லை. பிள்ளைகள் மூவரும் அன்றிரவு இறந்தனர். உறைந்துபோன தம் பாதங்களை அவ்வாசிரியை இழந்தார். ஹோல்ற் மாவட்டத்தில் எற்றா ஷற்றக் என்ற இன்னோர் இளம் ஆசிரியை வைக்கோற் போரொன்றினுள் மூன்று நாள்களுக்கு மேலாகப் புதைந்திருந்து மீட்கப்பட்டார். சில வாரங்களிற் காலமானார். டகோற்றாவின் தென்பகுதியில், ஒரே பாடசாலையிலிருந்து புறப்பட்ட ஐந்து சிறுவர் ஒன்றாகவே இறந்தனர். அவர்தம் குடும்பங்கள் ருசியப் பேரரசின் கட்டாய இராணுவ சேவைக்கு உடன்படாது 1874இல் அங்கிருந்து பெயர்ந்து வந்த மெனொனைற் சமயத்தவர். பிள்ளைகளைப் போர்க்களத்துக்குக் கொடாதிருக்கவே கடல் கடந்தவர்கள் அவர்கள்.

இவர்களோடு ஒப்பிடுமிடத்து மினி பிறீமன் கதை பெரிதும் புகழ்பெற்றது. நெப்ராஸ்காவின் மிறா பள்ளத்தாக்கில் மண்கட்டிப் பாடசாலையின் கூரையைக் காற்றுப் பிய்த்தெறியவே, அங்கு கற்பித்த அவ்விளம்பெண் தம் மாணவரை ஒருங்கே அழைத்துச் சென்று பண்ணைவீடொன்றிற் சேர்த்தார். ஒருவரும் இறக்கவில்லை. பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின, அவ்வாண்டிலேயே அவரைப் பற்றிப் பாடலொன்று அச்சாயிற்று, நிதி திரட்டப்பட்டது. பிள்ளைகள் கயிற்றாற் பிணைக்கப்பட்டிருந்தனரா, எத்தனை பேர் இருந்தனர் என்பவற்றிற் கூற்றுகள் வேறுபடுகின்றன. ஆனால் பிறீமனும் றோய்சும் செய்தவை அடிப்படையில் ஒரே செயல் என்பதே இங்கு முக்கியம். இருவரும் தங்க முடியாத கட்டடத்திலிருந்து பிள்ளைகளோடு வெளியேறினர். ஒருவர் வீட்டைக் கண்டார், மற்றவர் காணவில்லை. கூரையும் எரிபொருளும் போதாத பாடசாலையை நடத்திய மாவட்டங்களின் பொறுப்பைப் பத்திரிகைகள் அதிகம் ஆராயவில்லை. வீரத்தைப் போற்றிய பக்கங்களில் அவ்வினாவுக்கு இடம் குறைந்துவிட்டது போலும்.

இந்நிகழ்ச்சிக்கான சான்றுகள் பற்றியும் சில கூறுதல் வேண்டும். இறந்தோர் தொகை 235 என்பது முடிந்த முடிபன்று. உறவினரற்ற தனியாளர், மாதக்கணக்கிற் காணப்படாத உடல்கள், பின்னர் குளிர்க்காயத்தாலும் நோயாலும் இறந்தோர் ஆகியோரையும் சேர்த்தால் தொகை 250க்கும் 500க்கும் இடைப்பட்டதாகலாம் என 2004இல் இப்புயல் பற்றி நூலெழுதிய டேவிட் லாஸ்கின் கருதுகிறார். 1940களில், அப்போது முதியோராகிவிட்ட தப்பிப் பிழைத்தோர் நெப்ராஸ்காவில் ஒரு கழகமாகக் கூடினர். அவர்தம் நினைவுகளை டபிள்யு. எச். ஓகாரா தொகுத்து 1947இல் நூலாக்கினார். அறுபதாண்டுகளுக்குப் பிற்பட்ட நினைவுகளாதலின் அவற்றை அவதானமாகவே கையாள வேண்டும். அன்றைய காலை, மீள மீளச் சொல்லப்பட்டதில், வசந்தகாலக் காலையாகவே வளர்ந்துவிட்டது எனலாம். உறைநிலையை ஒட்டிய வெப்பநிலை வசந்தமாகாது. ஆனால் பூச்சியத்துக்குக் கீழான நாள்களின் பின் அது அவ்வாறு தோன்றியிருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. தவிரவும், தன் பிள்ளையை அக்காலையிற் பாடசாலைக்கு அனுப்பிய பெற்றோருக்கு அக்காலை அத்துணை இதமாக இருந்தேயாக வேண்டும். நினைவின் மிகை இங்கு ஒரு வகைத் தற்காப்பு. ஆய்வாளன் அதனைத் திருத்தலாம், குறை காணலாகாது.

இரு மாதங்களின் பின் இதே பாடம் வேறொரு களத்தில் மீண்டும் நிகழ்ந்தது. 1888 மார்ச் 10ஆந் திகதி, சனிக்கிழமை, நியூயோர்க் நகரில் இதமான நாளாக அமைந்தது. வாஷிங்ரனிலிருந்து வந்த குறிகள் பேரிடர் எதனையும் சுட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. நள்ளிரவின் பின் அது பனியாகி, 14ஆந் திகதி வரை வடகிழக்குக் கரையோரத்தை முடக்கிற்று. 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ அரைவாசிப் பேர் நியூயோர்க் நகரத்தவர். அங்கும் தணிவே முன்னோடி. ஆனால் விளைவு வேறு. தலைக்கு மேலோடிய தந்தி, மின் கம்பிகள் அறுந்து வீழ்ந்து நகரம் துண்டிக்கப்பட்டமையால், அவற்றை நிலத்தடியிற் புதைக்கும் கோரிக்கை வலுப்பெற்றது; நிலக்கீழ்ப் புகையிரதம் பற்றிய பேச்சும் எழுந்தது. பங்குச்சந்தையும் பத்திரிகைகளும் உள்ள நகரத்தின் துயரம் உடனே கொள்கையாகிறது. டகோற்றாவின் துயரம் நிதித் திரட்டலோடு நின்றது.

1890 ஒக்ரோபர் 1ஆந் திகதி ஜனாதிபதி ஹரிசன் ஒப்பமிட்ட சட்டம் வானிலைச் சேவையை இராணுவத்திடமிருந்து நீக்கி விவசாயத் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. 1891 ஜூலை 1 முதல் மார்க் ஹரிங்ரன் தலைமையில் அது குடிசார் பணியகமாயிற்று. 1888இன் இரு புயல்களே இம்மாற்றத்தைக் கொணர்ந்தன எனக் கூறுவோர் உளர். இது முழுதும் ஏற்கத்தக்கதன்று. சமிக்ஞைப் பிரிவின் நிதியை அதன் அதிகாரியான ஹவ்கேற் என்பவர் பெருந்தொகையாகக் கையாடியமை 1881இலேயே வெளிவந்துவிட்டது. 1880களின் நடுவில் அலிசன் தலைமையிலான கொங்கிரசு ஆணைக்குழு இச்சேவை இராணுவத்துக்கு உரியதா என விசாரித்தது. விஞ்ஞானப் பயிற்சி பெற்றோருக்கும் படையதிகாரிகளுக்கும் இடையிலான பிணக்கு நெடுநாளையது. புயல்கள் அவ்வாதத்துக்கு உணர்ச்சியூட்டின என்பதே பொருந்தும்.

விவசாயத் திணைக்களத்தின் கீழ் வந்தபின் உழவரைச் சென்றடைவது சேவையின் வெளிப்படையான நோக்கங்களுள் ஒன்றாயிற்று. அஞ்சலட்டைகளில் எதிர்வுகூறல்களை அச்சிட்டுக் கிராமங்களுக்கு அனுப்பினர். பின்னர் கிராமிய அஞ்சல் விநியோகமும், தொலைபேசியும், 1920களில் வானொலியும் அத்தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைத்தன. நெப்ராஸ்காவின் மாநில மன்றக் கட்டடத்தில் 1967இல் ஜீன் றெயினல் அமைத்த கற்பதிவுச் சித்திரமொன்று இன்றும் இப்புயலைக் காட்டுகிறது: பனியினூடே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியை அதிலுள்ளார். அவர் வீட்டைக் கண்டடைந்தவர்.